விலை உயர்ந்த தோட்டா வாங்கினால் பத்து விழுமா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தந்தை நீளமாகவே எழுதியிருக்கிறார். மஞ்சளும் வாழையும் கடலையும் போடும் விவசாயி. மகளுக்கு வயது 22. கோவையில் முதுகலை படித்துக்கொண்டே அங்குள்ள ரைபிள் கிளப் ஒன்றில், .22 ரைபிளில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து குடும்பத்துக்கே ஆர்வம் கூடிவிட்டதாம். துப்பாக்கியும் தோட்டாவும் கிளப்புடையவை. மகளிடம் உரிமம் இல்லை.

நின்ற நிலையிலும் மண்டியிட்ட நிலையிலும் புள்ளிகள் மெல்ல ஏறிவருகின்றன. எல்லோரும் எளிது என்று சொல்லும் படுத்த நிலையில்தான் 20 தோட்டாவுக்கு, 200-க்கு 188, 189 என்று பல மாதமாக நின்றுவிட்டது. "கோச் மூச்சைக் கவனி என்கிறார். அம்மிணி தோட்டா சரியில்லை என்கிறாள். நான் யாரை நம்புவது?" என்று கேட்கிறார். கூடவே சில கேள்விகள். உலகப் போட்டிகளில் சுடுகிற டெனெக்ஸ் போன்ற விலை உயர்ந்த தோட்டா வாங்கிக் கொடுத்தால் தீருமா? வேகம் கூடிய தோட்டா இன்னும் நேராகப் போகாதா? பயிர்ப் பாதுகாப்புக்காகத் தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கியின் உரிமத்தை வைத்து .22 தோட்டா வாங்க முடியுமா? பொங்கலுக்கு ஜெர்மனியிலிருந்து வரும் மைத்துனர் இரண்டு பெட்டி கொண்டுவந்தால் என்ன? கடைசியில், கூச்சத்தோடு ஒரு வரி: "கடலைக் காட்டில் பன்றி படுத்தும் பாடு தாங்கவில்லை. அதற்கு இந்தத் தோட்டா ஆகுமா?"

ஐயா, உங்கள் கடிதத்தை விட நீங்கள் அனுப்பிய இலக்குத் தாள்களின் படங்களைத்தான் அதிக நேரம் பார்த்தேன். அவை ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. துளைகள் இடம் வலமாகச் சிதறவில்லை. மேலும் கீழுமாக நீண்டு நிற்கின்றன. பக்கவாட்டில் பத்து வளையத்தை விட்டு அதிகம் வெளியே போகாத பெண், உயரத்தில் எட்டு வளையம் வரை போகிறார். டிரிகரை இழுப்பதில் பிழை இருந்தாலோ, காற்று தள்ளியிருந்தாலோ சிதறல் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் வரும். உயரச் சிதறலுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. மூச்சின் வேறு வேறு கட்டத்தில் குண்டு புறப்படுவது ஒன்று. படுத்த நிலையில் நெஞ்சு ஏறி இறங்கினால் குழல் முனையும் கூடவே ஏறி இறங்கும். குண்டு ஒவ்வொரு முறையும் வேறு வேறு வேகத்தில் புறப்படுவது இன்னொன்று. ஆகவே கோச் சொல்வதும் மகள் சொல்வதும் இரண்டுமே நடக்கக்கூடியவை. தாளை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. ஆனால் பணம் செலவழிக்கும் முன்பே பிரித்துப் பார்த்துவிட முடியும்.

கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: கிளப்பில் மிஞ்சிய தோட்டாக்களை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வைத்திருப்பார்கள், மகள் அதிலிருந்து எடுத்துக்கொள்வார் என்று. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த வரியில்தான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில், ஆளா தோட்டாவா?

மணல் மூட்டை இரண்டு போதும். முன்பக்க மூட்டையில் ரைபிளின் மரக்கட்டைப் பகுதி படிய வேண்டும். குழல் எதிலும் படக் கூடாது. பின்கட்டைக்குக் கீழே இன்னொன்று. மகள் தோளில் வைத்து, சைட்டில் (குறிபார்க்கும் கருவி) பார்த்து, டிரிகரை மட்டும் இழுத்தால் போதும். மூச்சும் நாடித்துடிப்பும் ரைபிளை அசைக்க வழியில்லாமல் செய்துவிட்டு, அதே டப்பாத் தோட்டாவில் பத்து, பத்தாக நான்கு தாள் சுடச் சொல்லுங்கள். உயரச் சிதறல் மறைந்துவிட்டால் கோச் சொன்னது சரி. தோட்டாவுக்கு ஒரு ரூபாய் கூடச் செலவழிக்காமல் ஸ்லிங்கின் (ரைபிளைக் கையோடு பிணைக்கும் வார்) இறுக்கத்தையும் முழங்கை இடத்தையும் மூச்சையும் பாருங்கள். மணல் மூட்டையிலும் அதே உயரச் சிதறல் இருந்தால், பிழை தோட்டாவிலோ ரைபிளிலோ இருக்கிறது.

ரைபிளிலோ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. .22 என்பது விளிம்பில் தட்டி வெடிக்கும் தோட்டா. அதில் தீப்பொறி மருந்து பித்தளைக் கூட்டின் அடிவிளிம்புக்குள் ஒட்டியிருக்கிறது. அந்த விளிம்பை ரைபிளின் ஊசி எவ்வளவு பலமாக, எவ்வளவு சீராக நசுக்குகிறது என்பதைப் பொறுத்தே மருந்து பற்றும் விதம் அமையும். பழைய கிளப் ரைபிள்களில் ஊசியின் ஸ்பிரிங் தளர்ந்திருப்பது சகஜம். தளர்ந்தால் தட்டு பலவீனமாகும், வேகம் தோட்டாவுக்குத் தோட்டா மாறும், தாளில் மேலும் கீழுமாகக் கோடு விழும். சுட்டு விழுந்த வெற்றுக் கூடுகள் பத்தை வரிசையாக அடுக்கி விளிம்புத் தழும்புகளை ஒப்பிடச் சொல்லுங்கள். ஆழம் ஒன்று போல இல்லையென்றால், புதுத் தோட்டாவுக்கு முன் புது ஸ்பிரிங் போட வேண்டும். அதன் விலை ஒரு நல்ல தோட்டாப் பெட்டியை விடப் பெரிதாக இருக்காது. குழலையும் கட்டையையும் பிணைக்கும் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

பெட்டியின் பெயரை விட லாட் எண்

பெரிய துப்பாக்கிகளுக்குச் சுடுநர்கள் சில நாடுகளில் தாங்களே மருந்து அளந்து தோட்டா நிரப்பிக்கொள்கிறார்கள். .22 தோட்டாவில் அது நடைமுறையில் இல்லை. ஆலையில் இருந்து எப்படி வருகிறதோ அப்படித்தான் சுட வேண்டும். ஆகவே நம் கையில் இருப்பது தேர்வு மட்டுமே.

போட்டிக்கு உரிய .22 லாங் ரைபிள் தோட்டாவில் பொதுவாக 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு இருக்கும். வினாடிக்கு ஏறத்தாழ 320 முதல் 330 மீட்டர் வேகத்தில் புறப்படும். 50 மீட்டர் கடக்க 0.16 வினாடி ஆகிறது; அதற்குள் புவியீர்ப்பு குண்டைச் சுமார் 12 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடுகிறது. சைட்டை ஏற்றி அதைச் சரிக்கட்டி வைத்திருக்கிறோம். ஆனால் ஒரு குண்டு மற்றதை விட வினாடிக்கு 3 மீட்டர் மெதுவாகப் போனால் சுமார் 2 மில்லிமீட்டர் கீழே விழும். 10 மீட்டர் வேக வித்தியாசம் என்றால் 7 மில்லிமீட்டருக்கு மேல். இந்த இலக்கில் ஒரு வளையத்தின் அகலமே 8 மில்லிமீட்டர்தான். இப்போது அந்த பிளாஸ்டிக் டப்பாவை நினைத்துப் பாருங்கள். இரண்டு நிறுவனம், மூன்று லாட் (லாட் என்பது ஆலையில் ஒரே தடவையில் செய்த தொகுதி), ஒவ்வொன்றுக்கும் ஒரு சராசரி வேகம். மகள் மூச்சை எவ்வளவு கட்டினாலும் டப்பா தன் வேலையைக் காட்டும். அவர் சொன்னதில் நியாயம் இருக்கலாம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

நீங்கள் குறிப்பிட்ட டெனெக்ஸ் இங்கிலாந்தின் பர்மிங்காமில் உள்ள ஈலி நிறுவனத்தினுடையது. லாபுவாவின் மிடாஸ் பிளஸ், எக்ஸ்-ஆக்ட், சென்டர்-எக்ஸ், ஆர்.டபிள்யூ.எஸ். நிறுவனத்தின் ஆர்50 ஆகியவையும் அதே வரிசையில் சொல்லப்படுபவை. நல்ல தோட்டாக்கள்தான். ஆனால் "டெனெக்ஸ் நல்லது" என்று பொதுவாகச் சொல்வதில் பொருள் குறைவு. எந்த லாட் டெனெக்ஸ், எந்தக் குழலில் என்பதுதான் கேள்வி. திருப்பூரில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: ஒரே நிறம், ஒரே சாயப்பட்டறை என்றாலும் இரண்டு லாட் துணியை ஒரே சட்டைக்கு வெட்ட மாட்டார்கள். தோட்டாவிலும் அப்படியே. மருந்துக் கலவை, பித்தளைச் சுருள், ஈயம், மேலே பூசும் மெழுகு, எல்லாமே லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறும். ஈலி தன் உயர்ரகப் பெட்டிகளில் லாட் எண்ணோடு அந்த லாட்டின் வேகத்தையும் அச்சிட்டே தருகிறது. ஈலியும் லாபுவாவும் சுடுநர்கள் தங்கள் ரைபிளையே கொண்டுவந்து லாட்டுகளைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கத் தனிச் சோதனைக் கூடங்களை நடத்துகின்றன. விலை உயர்ந்த தோட்டா எந்த ரைபிளிலும் எடுபடும் என்றால் அந்தக் கூடங்களுக்கே வேலை இருந்திருக்காது.

ஒரு குழலில் கோணலாகப் போகும் உயர்ரக லாட்டை விட, அதே குழலுக்குப் பிடித்துப்போன நடுத்தர வகை சில நேரம் சிறப்பாகச் சுடும். எஸ்.கே. நிறுவனத்தின் ஸ்டாண்டர்ட் பிளஸ், ரைபிள் மேட்ச் போன்றவை அப்படிப் பலமுறை வியப்பூட்டும் வகைகள். உங்கள் மகள் இருக்கும் கட்டத்தில் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். 188-லிருந்து 194-க்குப் போக உலகத் தரத் தோட்டா தேவையில்லை. ஒரே லாட் தோட்டா தேவை.

சோதனை செய்யும் முறையில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். ஐந்து தோட்டா சுட்டு, ஒரே துளை போல விழுந்ததைப் படம் எடுத்து, அதையே முடிவாகக் கொள்கிறார்கள். ஐந்து தோட்டாவின் குரூப், அதாவது துளைக் கூட்டம், எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அதே துப்பாக்கி, அதே தோட்டா, பத்தாகச் சுட்டால் சராசரியில் நாலில் ஒரு பங்கு பெரிதாகிவிடும். இது கணித விதி, சுடுபவரின் குறை அல்ல. ஆகவே ஒரு வகைக்கு ஒரு பெட்டி, அதாவது 50 தோட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். முந்தைய வகையின் மெழுகு குழலுக்குள் படிந்திருக்கும். புது மெழுகு படிந்து குழல் பழகும் வரை குண்டுகள் அலையும். மீதி நாற்பதை நான்கு தாளில் பத்துப் பத்தாகச் சுட வேண்டும். நடுவில் சைட்டைத் தொடக் கூடாது. எந்தப் பெட்டி என்று சுடுபவருக்குத் தெரியாமல் வேறொருவர் எடுத்துக் கொடுப்பது இன்னும் நல்லது. டெனெக்ஸ் என்று தெரிந்தால் கை தானாகவே பவ்யமாகிவிடும்.

அளப்பதற்கு ஒரு வழி. பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டின் விட்டம் சுமார் 5.6, அதன் ஓரம் கோட்டைத் தொட்டாலே பத்து. எனவே குண்டின் மையம் இலக்கின் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பத்து விழுந்துவிடும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் 16 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் வரைந்து குரூப்பின் மேல் வையுங்கள். நான்கு தாளிலும் பத்துத் துளைகளின் மையங்களும் உள்ளே அடங்கினால், அந்த லாட் இந்த ரைபிளுக்குப் பொருந்துகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வட்டத்தை நகர்த்தலாம், குரூப் எங்கே விழுகிறது என்பது சைட் வேலை, எவ்வளவு ஒடுங்குகிறது என்பதுதான் தோட்டா வேலை.

விளிம்பின் கனத்தை அளந்து தோட்டாக்களைப் பிரிப்பது, தராசில் நிறுத்துப் பார்ப்பது என்று சிலர் நாட்களைக் கழிப்பார்கள். மலிவான தோட்டாவில் கொஞ்சம் பலன் இருக்கலாம். போட்டித் தோட்டாவில் அந்த நேரத்துக்குப் படுத்துப் பயிற்சி எடுக்கலாம்.

வேகம் கூடினால் நேராகப் போகுமா?

போகாது. கேட்க நியாயமாகத் தோன்றும் கேள்வி என்பதால் விளக்குகிறேன். 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர். நம் சித்திரை வெயிலில் 350-ஐத் தாண்டும். போட்டித் தோட்டா இந்த எல்லைக்குக் கீழேயே புறப்பட்டு, கீழேயே போய்ச் சேருகிறது. அதிவேகத் தோட்டா 375, 390 மீட்டரில் புறப்பட்டு, 50 மீட்டரை நெருங்கும்போது ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த எல்லையைக் கடக்கும் இடத்தில் காற்றின் எதிர்ப்பு திடீரென்று மாறுவதால் குண்டு தள்ளாடும். இதனால்தான் போட்டிக்காரர்கள் மெதுவான தோட்டாவைத் தேடுகிறார்கள்.

காற்று விஷயத்தில் இது இன்னும் வியப்பு. சீக்கிரம் போய்ச் சேருவதால் அதிவேகக் குண்டைக் காற்று குறைவாகத் தள்ளும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. குண்டு வழியில் எவ்வளவு வேகத்தை இழக்கிறதோ, அதைப் பொறுத்தே காற்று அதைத் தள்ளும். ஒலியைத் தாண்டிய குண்டு மிக வேகமாக வேகத்தை இழக்கிறது. ஆகவே .22-இல் அதிவேகத் தோட்டாதான் அதிகம் ஒதுங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்து இறங்கும் நம் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் பக்கக் காற்று அடித்தால் போட்டித் தோட்டாவே 50 மீட்டரில் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் ஒதுங்கிவிடும். பத்தில் வைத்தது ஏழிலோ எட்டிலோ விழும். ஆனி, ஆடியில் தோட்டாவைச் சோதிக்கவே வேண்டாம். அளப்பது தோட்டாவையா கணவாயையா என்று தெரியாது. தை, மாசியில், வெயில் ஏறும் முன் சோதியுங்கள்.

எடை கூடிய 60 கிரெய்ன் குண்டு பற்றியும் யாரோ சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. போட்டி ரைபிளின் குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் புரி சுமார் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 40 கிரெய்னுக்கு அது போதும். 60-ஐ நிலைநிறுத்தப் போதாது. குண்டு தலைகுப்புறப் புரண்டு, தாளில் சாவித்துவாரம் போலத் துளை விழும். விட்டுவிடுங்கள்.

வாங்கிய தோட்டாவை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கக் கூடாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். குண்டின் மேல் உள்ள மெழுகு இளகி ஓடிவிட்டால் அந்தப் பெட்டி சோதனையில் தேறிய பெட்டியாக இருக்காது.

உரிமம்

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த பகுதி இதுதான். நான் வழக்கறிஞர் அல்ல. கிளப் நிர்வாகத்தில் இருந்து இந்த மனுக்களோடு பழகியவன். மனுப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடமும் காட்டிக்கொள்ளுங்கள்.

தோட்டா என்பது துப்பாக்கிக்குத் துணைப்பொருள்தானே, அதற்கு என்ன தனி உரிமம் என்ற எண்ணம் உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அதன் 3-ஆவது பிரிவு துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிறது. உரிமமின்றி ஒரு .22 தோட்டா பையில் இருந்தாலும் குற்றம்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு.

வீட்டில் இருக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கியின் உரிமத்தில் அந்த ஆயுதமும் அதற்கான தோட்டாவும், எத்தனை வைத்திருக்கலாம் என்ற எண்ணிக்கையும் எழுதப்பட்டிருக்கும். .22 அதில் இல்லை. ஆகவே அதை வைத்து வாங்க முடியாது. கடைக்காரர் தெரிந்தவர் என்பதற்காகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இருக்கிற உரிமமே போய்விடும்.

மைத்துனர் விஷயத்தில் தயவுசெய்து இன்றே தொலைபேசியில் பேசி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆயுதங்களையும் தோட்டாக்களையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரத் தனி அனுமதி வேண்டும் என்பது 10-ஆவது பிரிவு. ஜெர்மனியில் அவருக்கு அது சட்டப்படி கிடைக்கிறது என்பது பீளமேடு விமான நிலையத்தில் உதவாது. இதே காரணத்துக்காக, மகள் விமானம் ஏறும் நாளில் பயிற்சிப் பையின் எல்லா அறைகளையும் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரேஞ்சில் மறந்து போட்ட ஒரு தோட்டாவால் பயணம் நின்று, காவல் நிலையத்தில் விளக்கம் சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

கிளப் நண்பர் ஒருவர் மகளுக்கு அரைப் பெட்டி தருவதாகச் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் நல்லெண்ணம்தான். உரிமம் உள்ளவர் தன் தோட்டாவை இன்னொருவருக்கு மாற்ற வேண்டுமென்றால் வாங்குபவருக்கும் அதற்கான தகுதி இருக்க வேண்டும். முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்து 45 நாள் காத்திருக்கவும் சட்டம் சொல்கிறது. மகளுக்கு உரிமமே இல்லாதபோது அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

அப்படியானால் வழி என்ன? இரண்டு வழிகள் உண்டு. இப்போதைக்கு முதல் வழியே போதும் என்பது என் கருத்து. கிளப்பின் தோட்டாவைக் கிளப்பின் ரேஞ்சில், மேற்பார்வையில் சுட உங்கள் மகளுக்குத் தடையில்லை. கிளப் செயலாளரிடம் பேசுங்கள். அந்த ரைபிளில் சுடும் மற்ற பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் சேர்ந்து, கிளப் தன் உரிமத்தில் மூன்று நான்கு வகைகளில் ஒவ்வொரு பெட்டி வரவழைத்துச் சோதித்து, தேறிய லாட்டை மொத்தமாக வாங்கி, ரைபிள் எண்ணையும் லாட் எண்ணையும் எழுதித் தனியாகப் பூட்டி வைக்க ஏற்பாடு செய்யலாம். செலவை உறுப்பினர்கள் பகிரலாம். பிளாஸ்டிக் டப்பா, புதிதாகச் சேருபவர்களின் பயிற்சிக்கு இருந்துவிட்டுப் போகட்டும். கிளப்புகள் இதற்கு மறுப்பதில்லை. யாரும் கேட்பதில்லை என்பதே என் அனுபவம்.

இரண்டாவது வழி, மகள் பெயரிலேயே விளையாட்டுக்கான உரிமம். 21 வயது முடிந்துவிட்டதால் விண்ணப்பிக்கலாம். நிரந்தர முகவரி உங்கள் கிராமம் என்றால் ஈரோடு மாவட்ட ஆட்சியர்தான் உரிமம் வழங்கும் அதிகாரி. கோவை மாநகருக்குள் குடியிருப்பவர் என்றால் மாநகரக் காவல் ஆணையர். கிளப் உறுப்பினர் சான்று, போட்டிப் புள்ளிகள், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, பிறகு காவல்துறை விசாரணை. பொறுமை வேண்டும். கிடைத்த பிறகு துப்பாக்கியையும் தோட்டாவையும் பூட்டி வைக்கும் பொறுப்பும் வருகிறது. மாணவியர் விடுதியில் அது நடக்காது. சொந்த ரைபிள் வாங்கினால் லாட் சோதனையும் முதலிலிருந்து தொடங்கும். மாநிலப் போட்டிகளில் புள்ளி நிலைத்த பிறகு இதை யோசிக்கலாம். அதுவரை வீட்டுப் பயிற்சிக்கு, உரிமம் தேவைப்படாத .177 ஏர் ரைபிள் ஒன்று போதும். 20 ஜூல் ஆற்றலுக்கு மேற்படாததாகப் பார்த்து வாங்குங்கள். மூச்சையும் டிரிகரையும் பழக்க அதை விட மலிவான ஆசான் இல்லை.

மகளிடம் ஒன்று கேளுங்கள்: வெறும் துப்பாக்கியில் டிரிகர் இழுத்துப் பழகுகிறாரா என்று. நல்ல பழக்கம்தான். ஆனால் சில .22 ரைபிள்களில் தோட்டா இல்லாதபோது ஊசி குழலின் வாயோரத்தைக் குத்திப் பள்ளமாக்கிவிடும். போட்டி ரைபிள்கள் பலவற்றில் இதற்கென்றே டிரிகரில் தனி அமைப்பு உண்டு. கிளப் ரைபிளில் அது வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு பழகட்டும்.

இனி பன்றி. கூச்சப்பட வேண்டாம், கடலைக் காட்டை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும் விலங்கைப் பற்றி யாருக்கும் கோபம் வரும். ஆனால் மகளின் தோட்டாவை இந்தப் பேச்சில் கொண்டுவரவே கூடாது. விளையாட்டுக்கென்று தரப்பட்ட தோட்டா காட்டில் வெடித்தது என்று ஒரு வழக்கு வந்தால் மகளின் விளையாட்டு வாழ்க்கையும் கிளப்பின் உரிமமும் சேர்ந்து போகும். 40 கிரெய்ன் ஈயக் குண்டு பெரிய பன்றியை வீழ்த்தாது; காயப்படுத்தி, அடுத்து வரும் ஆள் மேல் பாய வைக்கும். குறி தவறிய குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். உங்கள் பகுதியில் அந்தத் தூரத்துக்குள் எத்தனை தோட்டத்து வீடுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சட்டப்படியும் வழி இல்லை. காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள விலங்கு. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த நடைமுறையின்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடுவதாக இருந்தாலும் அது வனத்துறையின் வேலை, நிலத்துக்காரருடையது அல்ல. தாத்தா துப்பாக்கியின் உரிமத்தில் "பயிர்ப் பாதுகாப்பு" என்று எழுதியிருப்பதும் இதை மாற்றாது. உங்கள் தோட்டம் காப்புக்காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்குங்கள். சேதத்தைத் தேதியோடு படம் எடுத்து, இழப்பீட்டு மனுவையும் பன்றிகளைப் பிடிக்கக் கோரும் மனுவையும் ஒன்றாக வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.